ஹ-வை எடுத்துவிட்டு ப போடுங்கள்: பெங்களூருக்குப் புதிதாக வந்தவருக்கு ஒரு சாப்பாட்டு வழிகாட்டி

பெங்களூரில் என் முதல் காலை டிபனே ஏமாற்றம்தான். ஜெயநகரில் அறை. பக்கத்துக் கடைப் பலகையில் 'சௌ சௌ பாத்' என்று இருந்தது. எங்கள் நாகர்கோவில் பக்கம் சௌசௌவைப் பெங்களூர் கத்தரிக்காய் என்பார்கள். சரி, பெங்களூரிலேயே பெங்களூர் கத்தரிக்காய் சாதம் சாப்பிட்டுவிடலாம் என்று காசைக் கட்டினேன். தட்டில் வந்தது இரண்டு குவியல். இந்தப் பக்கம் காய் போட்ட ரவை உப்புமா, அந்தப் பக்கம் நெய் மினுங்கும் கேசரி. நான் கரண்டியால் உப்புமாவைக் கிளறிக் கிளறிக் கத்தரிக்காயைத் தேடினேன். எதிரே நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவர், ஏதோ விழுந்துவிட்டது போல என்று என் தட்டையே கவலையாகப் பார்த்தார்.

உப்புமாவுக்கு இங்கே காராபாத், கேசரிக்குக் கேசரிபாத், இரண்டிலும் பாதிப் பாதி வைத்தால் சௌ சௌ பாத். காரத்தில் ஒரு வாய், இனிப்பில் ஒரு வாய் என்று மாற்றி மாற்றிச் சாப்பிட வேண்டும். இதைச் சொல்லித்தர அன்று எனக்கு ஆள் இல்லை. வேலைக்கோ படிப்புக்கோ இந்த ஊருக்கு வந்து, அம்மா கட்டிக்கொடுத்த பருப்புப்பொடி தீர்ந்துபோன நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வரிசைப்படி செய்யுங்கள். வந்த மூன்றாம் நாளே களி உருண்டையில் கை வைத்தால் பயந்துவிடுவீர்கள்.

முதல் வாரம்: நின்று சாப்பிடப் பழகுங்கள்

தொடங்க வேண்டிய இடம் தர்ஷினி. 1983-ல் ஜெயநகரில் கஃபே தர்ஷினி என்று ஒரு கடை வந்தது. காசு கட்டிச் சீட்டு வாங்கி, நாமே தட்டை எடுத்துக்கொண்டு, நின்றபடி சாப்பிட்டுக் கிளம்ப வேண்டும். பரிமாற ஆள் வேண்டாம், பெரிய இடம் வேண்டாம், அதனால் விலையும் குறைவு. அந்த ஒரு கடையின் பெயரே கடைசியில் ஒரு கடை வகைக்குப் பெயராகிவிட்டது. இன்று தெருவுக்கு ஒன்று இருக்கிறது.

உள்ளே போனதும் கல்லாவுக்கு ஓடாதீர்கள். ஒரு நிமிடம் ஓரமாக நின்று, மற்றவர்கள் தட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பத்தில் ஆறு பேர் ஒரே பண்டத்தைச் சாப்பிடுகிறார்கள் என்றால் அந்தக் கடைக்கு அதுதான் கைவந்தது. பிறகு கல்லாவில் சொல்லிச் சீட்டு வாங்குங்கள். 'இட்லி வடெ' என்றால் பெரும்பாலும் இரண்டு இட்லி, ஒரு வடை. ஒன்று ஒன்று போதுமென்றால் 'சிங்கிள் இட்லி வடெ'. கவுண்டரில் சீட்டை நீட்டியதும் 'டிப்பா, செபரேட்டா?' என்று ஒரு கேள்வி வரும். சாம்பாரிலேயே முக்கித் தர வேண்டுமா, கிண்ணத்தில் தனியாகத் தர வேண்டுமா என்று அதற்கு அர்த்தம். முதல் நாள் 'செபரேட்' சொல்லுங்கள். காரணத்தைச் சாம்பார் கதையில் சொல்கிறேன்.

பல கடைகளில் டிபனுக்கும் காபிக்கும் ஒரே சீட்டுதான். டிபன்காரர் ஓரத்தைக் கிழித்துத் திருப்பித் தருவார். பத்திரம். நான் ஒரு முறை அதைத் தட்டோடு சேர்த்து எச்சில் தொட்டியில் போட்டுவிட்டு, சாம்பார் நனைந்த காகிதத்தைக் கைவிட்டு எடுத்துக் காபி கவுண்டரில் நீட்டியிருக்கிறேன். அவர் முகத்தில் சலனமே இல்லை. முந்தியும் பார்த்திருப்பார் போல.

இரண்டு பேர் போனால் காபியை 'பை டூ' சொல்லுங்கள். ஒரு காபியை இரண்டு தம்ளரில் ஊற்றித் தருவார்கள். இது கஞ்சத்தனம் இல்லை, இந்த ஊர்ப் பழக்கம். அரைத் தம்ளர் என்பதால் அடுத்த கடையில் இன்னொரு முறை குடிக்கலாம்.

இரண்டாம் வாரம்: பலகையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

எனக்கு ஆறு மாதம் கழித்துப் புரிந்த ரகசியம் இது. உங்களுக்கு இரண்டாம் வாரமே தருகிறேன். கன்னடத்தில் 'ஹ' என்று தொடங்கும் சாப்பாட்டுச் சொல்லைக் கேட்டால், ஹ-வை எடுத்துவிட்டு ப போட்டுப் பாருங்கள். ஹாலு பால். ஹாகலகாயி பாகற்காய். ஹீரேகாயி பீர்க்கங்காய். ஹுரிகடலெ பொரிகடலை. ஹோளிகெ போளி. ஹுளி புளி. ஹப்பள என்றதும் அப்பளம் என்று நினைப்பீர்கள். எங்கள் ஊர்க்காரருக்கு அது பப்படம், கணக்கு இன்னும் சரியாகவே வரும்.

அடுத்தது, ஆங்கில b போல ஒலிக்கும் ப. அதை எடுத்துவிட்டு வ போடுங்கள். பெண்ணெ வெண்ணெய். பெல்ல வெல்லம். பெண்டெகாயி வெண்டைக்காய். பாளெஹண்ணு வாழைப்பழம்; இதில் இரண்டு விதியும் ஒரே சொல்லில் ஒட்டி நிற்கின்றன, ஹண்ணு என்றால் பழம். எல்லாச் சொல்லுக்கும் இது பலிக்காது. ஆனால் ஒரு சாப்பாட்டு ஓட்டலில் பாதிப் பலகையைப் படித்துவிடலாம். மீதியை மனப்பாடம் செய்யுங்கள்: பல்யா பொரியல், கோசம்பரி ஊறவைத்த பாசிப்பருப்பும் வெள்ளரியும் சேர்ந்த சாலட், மஜ்ஜிகெ ஹுளி மோர்க்குழம்பு, மொசரு தயிர், திளி சாரு ரசம், திண்டி டிபன், ஊட்டா முழுச் சாப்பாடு.

பேக்கு வேண்டும், பேடா வேண்டாம், சொல்ப கொஞ்சம், சாக்கு போதும். இந்த நான்கும் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் 'சாக்கு' விஷயத்தில் எச்சரிக்கை தேவை. பூரிக்கும் செட் தோசைக்கும் தொட்டுக்கொள்ளத் தருகிற காய்கறிக் குருமா மாதிரியான ஒன்றுக்குச் 'சாகு' என்று பெயர். நம் நாக்கு நடுவில் வரும் க-வைத் தானாகவே மென்மையாக்கிவிடும். இங்கே இரண்டும் வேறு வேறு. நான் குருமா இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்கப் போனபோது, இந்த விதி தெரிந்த மிதப்பில், தேவையில்லாமல் அழுத்திச் 'சாக்கு, சாக்கு' என்றேன். வாளியோடு வந்தவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். காய்ந்த பூரியைக் காபியில் தொட்டுச் சாப்பிட்டேன்.

இன்னொன்று: சோற்றுக்கு இங்கே அன்ன. பரிமாறுபவர் நமக்கு அண்ணா. 'அண்ணா, சொல்ப அன்ன' என்று கேட்டுப் பழகுங்கள். சோறு வரும், சிரிப்பும் வரும்.

சாம்பார் வழக்கு

புதிதாக வந்த தமிழர் எல்லோரும் சொல்லும் முதல் புகார்: சாம்பார் இனிக்கிறது. ஆமாம், இனிக்கிறது. வெல்லம் போடுகிறார்கள். உடுப்பிச் சமையலின் வழி அது. தேங்காய் அரைத்துவிட்டு, புளிப்பையும் காரத்தையும் வெல்லத்தால் வளைத்து ஒரு இடத்தில் நிறுத்துவார்கள். நிறம் செக்கச்செவேல் என்று இருந்தாலும் நாக்கில் சுடாது. காரணம் ஹாவேரி மாவட்டத்துப் பியாடகி மிளகாய். சுருங்கிய தோல், ஆழ்ந்த சிவப்பு, காரம் குறைவு. நம் ஊர்க் குண்டு மிளகாய்க் கணக்கை வைத்துக்கொண்டு இந்த நிறத்தைப் படித்தால் தப்பாகத்தான் வரும்.

அதற்காகத்தான் முதல் நாள் 'செபரேட்' சொல்லச் சொன்னேன். கிண்ணத்தில் தனியாக வாங்கி, இட்லி இல்லாமல் இரண்டு கரண்டி சும்மா குடித்துப் பாருங்கள். சாம்பார் என்று நினைக்காதீர்கள். வீடுகளில் அதற்கு ஹுளி என்றுதான் பெயர், புளி. பெயரை மாற்றி நினைத்ததும் நாக்கு ஒப்பிடுவதை விட்டுவிட்டது, எனக்கு அப்படித்தான் நடந்தது. இப்போது ஊருக்குப் போனால் எங்கள் வீட்டுச் சாம்பாரில் எதையோ காணோமே என்று தோன்றுகிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பிடிக்கவே இல்லை என்றாலும் வழி இருக்கிறது. சாம்பாரே தராத கடைக்குப் போங்கள். சங்கரபுரத்தில் பிராமின்ஸ் காபி பார், 1965-லிருந்து இருக்கிறது. இட்லி, வடை, காராபாத், கேசரிபாத், காபி, இப்படி விரல்விட்டு எண்ணும் பட்டியல். சட்னி மட்டும்தான் ஊற்றுவார்கள், கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். நடைபாதை ஓரத்தில் தட்டை ஏந்திக்கொண்டு சாப்பிடுங்கள். இட்லி அந்தச் சட்னியில் ஊறிக் குழைகிறபோது சாம்பார் வழக்கே தள்ளுபடி ஆகிவிடும்.

மெட்ரோவில் ஒரு தோசைப் பயணம்

முதல் மாதச் சம்பளம் வந்ததும் இதைச் செய்யுங்கள். மெட்ரோவின் பச்சை வழித்தடம் பழைய பெங்களூரின் வயிற்றுக்குள்தான் போகிறது. வண்டி நிறுத்த இடம் தேடி அலைய வேண்டாம்.

சம்பிகெ ரோடு நிலையத்தில் இறங்கி மல்லேசுவரம் ஏழாவது கிராஸ் வரை நடங்கள், அல்லது ஆட்டோ பிடியுங்கள். அங்கே ஸ்ரீ சாகர் என்று பெயர்ப்பலகை இருக்கும். ஊர் அதைச் சி.டி.ஆர். என்றுதான் சொல்லும். பெண்ணெ மசாலெ தோசை, அதாவது வெண்ணெய் மசாலா தோசை. இங்கே நிறுத்திக் கவனியுங்கள். நம் ஊர் ஓட்டலில் மசாலா தோசை பெரும்பாலும் நீளமாக, காகிதம் போல வரும். பெங்களூர் மசாலெ தோசை கைக்கு அடக்கம். வெளித்தோல் நெருப்புக் கருகலுக்கு ஒரு நூல் முன்னால், தேன் நிறத்தில் மொறுமொறு. பிய்த்தால் உள்ளே பஞ்சு, வெண்ணெய் ஊறி ஈரமாக இருக்கும். முதல் துண்டைச் சட்னி இல்லாமல், கிழங்கு இல்லாமல், வெறும் தோசையாக வாயில் போடுங்கள். மைசூர் மசாலெ கேட்டால் உள்ளே பூண்டு, மிளகாய் அரைத்த சிவப்புச் சட்னி தடவியிருக்கும். 'காலி தோசை' என்று பட்டியலில் பார்த்துத் தோசை தீர்ந்துவிட்டதாக நினைக்காதீர்கள். உள்ளே மசால் வைக்காத தோசை அது.

அடுத்து நேஷனல் காலேஜ் நிலையம். காந்தி பஜாரில் வித்யார்த்தி பவன். 1943-ல் மாணவர்களுக்கான சின்னக் கடையாக ஆரம்பித்தது, பெயரிலேயே இருக்கிறது. சர்வர் ஒருவர் கையில் தொடங்கித் தோள் வரை தோசைத் தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்த்து அடுக்கிக்கொண்டு வருவதைப் பார்க்கவே ஒரு நடை போகலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை, மத்தியானமும் கொஞ்ச நேரம் கதவு சாத்துவார்கள். ஞாயிறு காலை ஒன்பதரைக்குப் போய்விட்டு, கூட்டம் என்று குறைப்பட்டுக்கொள்ளாதீர்கள். வார நாளில் காலை ஏழு மணிக்குப் போங்கள்.

லால்பாக் நிலையத்துக்கு எதிரே லால்பாக், கொஞ்சம் தள்ளி எம்.டி.ஆர். 1924-ல் தொடங்கிய கடை. இரண்டாம் உலகப் போரின்போது அரிசித் தட்டுப்பாட்டில் ரவையை வைத்து இட்லி செய்துபார்த்து, அதுவே ரவா இட்லி ஆனது என்று அவர்கள் சொல்கிறார்கள். இங்கே தோசை வேண்டாம், ஒரே நாளில் மூன்றாவது தோசை வயிற்றுக்கு நல்லதில்லை. ரவா இட்லி மட்டும் சொல்லுங்கள். முந்திரி, கொத்தமல்லி, கூடவே சின்னக் கிண்ணத்தில் நெய். நெய்யை இட்லி மேல் மொத்தமாகக் கவிழ்க்காமல் விண்டு விண்டு ஊற்றிக்கொள்ளுங்கள். பிறகு பூங்காவுக்குள் ஒரு சுற்று நடந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

இரண்டாம் மாதம்: முத்தெ

இப்போது மிலிட்டரி ஓட்டல். பட்டாளத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நமக்குத் தேவை, உள்ளே ஆடும் கோழியும் இருக்கும் என்பது. ஜெயநகரில் சிவாஜி மிலிட்டரி ஓட்டல், வி.வி.புரம் பக்கம் ரங்கண்ணா மிலிட்டரி ஓட்டல், இப்படிப் பழைய பெயர்கள் பல.

ராகி முத்தெ என்பது கேழ்வரகுக் களி உருண்டை. தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம், அவர்களுக்குத் தாய்ப்பால் மாதிரி. எங்களைப் போன்ற தெற்கத்திக்காரர்களுக்குத்தான் பாடம். இலையில் டென்னிஸ் பந்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, பளபளப்பாக, ஆவி பறக்க ஓர் உருண்டை உட்காரும். பக்கத்தில் நாட்டி கோழி சாரு, அதாவது நாட்டுக்கோழிக் குழம்பு. உருண்டையில் சின்னதாக ஒரு பள்ளம் பறித்துச் சாரை ஊற்றுங்கள். விரலை முதலில் சாரில் நனையுங்கள், இல்லாவிட்டால் களி ஒட்டும், சுடும். நெல்லிக்காய் அளவு கிள்ளி, விரல் நுனியில் ஒரு உருட்டு உருட்டி, சாரில் முழுக்கி, நாக்கின் பின்பக்கம் வையுங்கள். மெல்லாதீர்கள். விழுங்குங்கள்.

நான் மென்றேன். மேல் அண்ணத்தில் சிமென்ட் பூசியது போல அப்பிக்கொண்டது. பேசவும் முடியவில்லை, தண்ணீர் கேட்கவும் முடியவில்லை. என்னோடு வந்த மண்டியாக்காரர், ஆபீசில் எனக்கு மூத்தவர், 'பல்லுக்கு இதில் வேலை இல்ல சார், தொண்டைக்குத்தான்' என்று தன் உருண்டையை எட்டு வாயில் முடித்துக் காட்டினார். ஹிட்டு தின்றவன் மலையையே பெயர்த்து வைத்தான் என்று கன்னடத்தில் ஒரு பழமொழி உண்டு, ஹிட்டு என்றால் இந்த முத்தெதான். மலை இருக்கட்டும், மத்தியானம் சாப்பிட்டால் இரவு எட்டு மணி வரை பசிக்காது. அடுத்த கூட்டம் மூன்று மணிக்கு என்றால் வேண்டாம்.

களி ஒத்துவரவில்லையா, தொன்னெ பிரியாணி இருக்கிறது. பெயரைப் பார்த்ததுமே உங்களுக்குத் தெரிந்திருக்கும், கோயிலில் பிரசாதம் வாங்கிய அதே தொன்னைதான். புதினாவும் கொத்தமல்லியும் அரைத்த பச்சை மசாலா, பாசுமதிக்குப் பதில் சீரகச் சம்பா. ஆம்பூர், திண்டுக்கல் என்று கட்சி கட்டுகிறவர்கள் கட்சியைக் கொஞ்சம் ஒத்திவைத்துவிட்டுச் சாப்பிடுங்கள். அரிசி நம்முடையது என்பதால் பாதி வழி இறங்கி வரலாம்.

ஒரு மாலை முழுக்க

வி.வி.புரம் சஜ்ஜன்ராவ் சர்க்கிள் பக்கத்தில் ஒரு தெரு முழுக்கத் தின்பண்டக் கடைகள். மாலை ஆறரைக்கு மேல் போங்கள், பசியோடு போங்கள், தனியாகப் போகாதீர்கள். நான்கு பேர் போய் எதை வாங்கினாலும் ஒன்றே ஒன்று வாங்கிப் பிய்த்துக்கொள்வதுதான் முறை. அப்படிச் செய்தால்தான் அக்கி ரொட்டி என்ற அரிசி ரொட்டியிலிருந்து சூடான ஹோளிகெ வரைக்கும் வயிறு தாங்கும். தோசைக்கல்லில் தட்டிய ஹோளிகெ மேல் நெய் ஊற்றுவதற்குள் கையை நீட்டிவிடுங்கள், ஆறினால் அதன் பாதி போச்சு.

பானிபூரிக்குப் பதில் இங்கே மசாலெ பூரி சாப்பிடச் சொல்வேன். நொறுக்கிய பூரி மேல் பட்டாணி மசாலாவைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றித் தருவது. ருசி ஒரு காரணம். கொதிக்கிற பண்டம் என்பது இரண்டாவது காரணம்: புது ஊர்த் தண்ணீருக்கு வயிறு பழகும் வரை பச்சைத் தண்ணீர்ப் பண்டங்களைத் தள்ளிவைப்பது நல்லது. ஓட்டல்களில் 'பிசி நீரு' என்று கேளுங்கள், வெந்நீர் தருவார்கள். யாரும் உங்களை நோயாளி என்று நினைக்க மாட்டார்கள்.

அந்தத் தெருவிலேயே வி.பி. பேக்கரி, 1953-லிருந்து. ஐயங்கார் பேக்கரி என்ற பலகையை ஊர் முழுக்கப் பார்ப்பீர்கள். முட்டை சேர்க்காத கேக்கும், வெங்காயம், பச்சைமிளகாய் போட்ட கார பன்னும் அவற்றின் அடையாளம். 'காங்கிரஸ்' என்று ஒரு பாக்கெட் இருக்கும். பிளந்த வேர்க்கடலையில் மிளகாய்த்தூள், கறிவேப்பிலை. 1969-ல் காங்கிரஸ் கட்சி இரண்டாகப் பிளந்தபோது வந்த பெயர் என்று கதை. ஒரு பாக்கெட் பஸ்ஸில் போகும்போதே தீர்ந்துவிடும், இரண்டு வாங்குங்கள்.

அதற்குப் பிறகு உங்கள் பாடு

கரையோரச் சாப்பாட்டுக்கு மங்களூர்க் கடைகள் இருக்கின்றன. நீர் தோசை, அஞ்சல் (நம் வஞ்சிரம்) மீன் வறுவல், கோரி ரொட்டி. துளுவில் கோரி என்றால் கோழி. மொறுமொறு ரொட்டி மேல் குழம்பை ஊற்றி, முழுக்க ஊறுவதற்குள் சாப்பிட வேண்டும். மீன் சாப்பிட்டு வளர்ந்தவர் என்றால் இங்கே வீட்டு ஞாபகம் கொஞ்சம் அடங்கும். வட கர்நாடகச் சாப்பாட்டுக்குக் 'கானாவளி' என்ற பலகையைத் தேடுங்கள். ஜோளத ரொட்டி என்றால் சோள ரொட்டி, எண்ணெகாயி என்றால் எண்ணெய்க் கத்தரிக்காய், கூடவே வேர்க்கடலைச் சட்னி. சாம்பார் இனிக்கிறது என்று இன்னும் முறையிடுகிறவர்களை நேராக அங்கே கூட்டிப் போங்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஆந்திரா மீல்ஸைப் பற்றித் தமிழருக்குச் சொல்ல வேண்டியதில்லை, பொடியும் நெய்யும் வந்ததும் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். ரம்ஜான் மாதத்தில் பிரேசர் டவுன் மசூதி ரோட்டுக்கு ஒரு மாலை ஒதுக்குங்கள். ஊர்ச் சாப்பாடு வேண்டியே தீரும் என்ற நாளில் அல்சூர், சிவாஜிநகர் பக்கம் போனால் தமிழிலேயே கேட்டுத் தமிழிலேயே திட்டு வாங்கலாம்.

ஒன்றே ஒன்று கடையில் கிடைத்தாலும் கடையில் சாப்பிட வேண்டாம் என்பேன். மார்கழி, தையில் ஊரெல்லாம் அவரைக்காய் வாசனை அடிக்கும். அவரெ மேளா என்று தனியாகத் திருவிழாவே நடக்கும், அவரை போட்ட தோசையில் தொடங்கி ஜிலேபி வரை விற்பார்கள். மேளாவுக்குப் போங்கள், தப்பில்லை. ஆனால் 'ஹிதுகித பேளெ' என்ற பெயரைக் கேட்டதும் ஹ-வை எடுத்துவிட்டு ப போட்டீர்களா? பிதுக்கிய பருப்பு. ஊறவைத்த அவரைக் கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் தோலை விட்டுப் பருப்பு துள்ளி ஓடும். எங்கள் கீழ்வீட்டு ஆன்ட்டி மாலையில் ஒரு தாம்பாளம் நிறைய வைத்துக்கொண்டு வாசல் படியில் உட்காருவார். முதல் வருடம் நான் படியேறிப் போகும்போது பார்த்துவிட்டுப் போனேன். இரண்டாம் வருடம் பக்கத்தில் உட்கார்ந்து நானும் பிதுக்கினேன். என் பருப்புகள் ஆன்ட்டியின் புடவையிலும் எதிர்வீட்டுப் பையன் சைக்கிளிலும் போய் விழுந்தன. எட்டு மணிக்குக் கீழேயிருந்து குரல் வந்தது: 'சாரு பேக்கா?' டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.